வகுப்பு நடக்கும்போது வெளியே உட்காராதீர்கள்

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. இரண்டு காதிலும் செவித்துணைக் கருவி. வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போய், உள்ளே விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறேன். மாமியார் அவளிடம் தமிழில்தான் பேசுகிறார். பிள்ளை குழம்புமா? எனக்கு இன்னும் அழுகை நிற்கவில்லை. நான் வேறென்ன செய்யலாம்?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அழுகை வந்தால் அழுங்கள் அம்மா. காது கேளாத பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு. முன்பின் பழக்கமில்லாத ஒன்று வீட்டுக்குள் வந்தால் யாருக்கும் திகைப்புதான். ஆனால் மனம் தேறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த வகுப்பில் நீங்களும் உள்ளே உட்காரக் கேளுங்கள். முடியாது என்றால், கடைசிப் பத்து நிமிடமாவது கேளுங்கள். பயிற்சி வாரத்தில் சில மணி நேரம்; அவள் விழித்திருப்பதோ சுமார் எண்பது மணி நேரம். காது கேளாத 112 பிள்ளைகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர் மோலர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுச் சொல்வளத்தோடு மிக நெருங்கிய தொடர்பு குடும்பத்தின் ஈடுபாட்டுக்குத்தான் இருந்தது.

காலையில் கருவி மாட்டியதும், வாயசைவு தெரியாமல் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். வழக்கமாகக் கேட்கும் ஒலிக்குத் திரும்பவில்லையா? பேட்டரியையும் காதுக்குள் பொருந்தும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் செவித்திறன் நிபுணரிடம் காட்டுங்கள்.

அப்புறம் அடுப்படி. வெண்டைக்காய் கழுவும்போது புகைபோக்கி விசிறியை அணைத்துவிடுங்கள். கருவி இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். கையெட்டும் தூரத்தில், அவள் முகத்துக்கு நேராக உட்காருங்கள். ஒரு காயைக் கையில் கொடுத்து, "வழவழன்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். அந்த மௌனத்தில்தான் பிள்ளை சொல்லைத் தேடுகிறாள்.

தமிழ் அவளைக் குழப்பாது. தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தைவிடப் பாட்டியின் சரளமான தமிழ் அவளுக்கு நல்ல தீனி. சைகை மொழியும் பேச்சைத் தடுக்காது. 1955இல் தொடங்கிய சிங்கப்பூர்க் காதுகேளாதோர் சங்கத்தில் அதற்கு வகுப்பு உண்டு. மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் 2018 முதல் சைகை மொழியோடு படிக்கலாம். இப்போதே ஏதாவது ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும் என்பதில்லை.

மாமியாரை ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிப்போங்கள். பேட்டரி மாற்றவும் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் கருவி ஓய்ந்துபோனால், பிள்ளை பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான்.