பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்

கேள்வி (வலங்கைமான் பக்கத்திலிருந்து): சம்பா சாகுபடிக்காக 2023 ஆகஸ்ட் 14 அன்று மைத்துனர் கணக்குக்கு ரூ.3,50,000 அனுப்பினேன். பத்திரம் எழுதவில்லை. "அறுப்பு முடிஞ்சதும் தந்துர்றேன் அத்தான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர், இப்போது அது தன் அக்காவுக்காக, அதாவது என் மனைவிக்காக, கொடுத்த அன்பளிப்பு என்கிறார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. புது போன் மாற்றப்போகிறேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் இவர் வண்டவாளத்தைப் போடலாமா? வழக்கு ஜெயிக்குமா?

பதில்: கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் மற்ற குடும்பச் சண்டை, காதுகுத்தில் நடந்த அவமானம், உங்கள் மாமனார் பேசிய பேச்சு எதுவும் வழக்குக்கு உதவாது. கொடுத்தது கடன்தான் என்பதற்கு என்ன சாட்சியம், அதுதான் கேள்வி. வங்கிக் கணக்குப் பட்டியல் பணம் போனதைக் காட்டும்; எதற்காகப் போனது என்பதைக் காட்டாது. அதைச் சொல்வது அந்த ஒரே வாட்ஸ்அப் வரி.

காலவரம்பைப் பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணுங்கள். மூன்று வருடம்; 2026 ஆகஸ்ட் 14-க்குள் வழக்கு தாக்கலாகிவிட வேண்டும். அறுப்பு முடிந்த நாளிலிருந்து கணக்கு என்று நம்பி இருக்காதீர்கள்.

பலர் கவிழ்வது போனில்தான். ஸ்கிரீன்ஷாட்டில் 'மைத்துனர்' என்று நீங்கள் சேமித்த பெயர்தான் தெரியும், எண் தெரியாது. பெயரை யாரும் எப்படியும் சேமிக்கலாம் என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் குறுக்குக் கேள்வி. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் வேண்டும். பகுதி ஏ-யில் நீங்கள், பகுதி பி-யில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். போனின் மாடல், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), ஹாஷ் மதிப்பு எல்லாம் அதில் வரும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஸ்கிரீன்ஷாட்டை மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, அவர் போனிலிருந்து பிரிண்ட் எடுத்தால் படம் சுருங்கியிருக்கும், ஹாஷும் மாறிவிடும்.

போனையே நீதிமன்றத்தில் காட்டி, அதன் சொந்தக்காரரே கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று, பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் இரண்டாயிரம் மூவாயிரத்துக்காக அந்தப் போனைக் கொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும். ரீசெட் செய்யாதீர்கள். மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். கோபத்தில் நீங்கள் அனுப்பிய வசவுகளையும் அழிக்காதீர்கள். நடுவில் அழித்த உரையாடலை எதிர்த்தரப்பு நிச்சயம் பிடித்துக்கொள்ளும்.

ஊர்க் குழுவில் எழுதவே வேண்டாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். பணம் கேட்கப் போனவர் குற்றவழக்குக்கு வாய்தா அலைய வேண்டிவரும்.

ஒளிக்காமல் சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். "2023 ஆகஸ்ட் 14 அன்று வாங்கிய கடனுக்காக" என்ற வாசகத்தோடு புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து வாங்குங்கள். அன்பளிப்பு வாதம் அதோடு போகும். புதிதாக மூன்று வருடமும் கிடைக்கும். கையெழுத்துப் போட மறுத்தால் தள்ளிப்போடாமல் வழக்கு போடுங்கள். முழுத் தொகைக்கும் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது ரூ.10,500. வழக்கு நடக்கும்போது சமரசமானால், வெளியே பேசி முடித்தாலும்கூட, தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் அது திரும்பக் கிடைக்கும்.