அன்னதானத்துக்கு வந்த டிக்கெட்: அந்த 254 டாலரைக் கட்டிவிடாதீர்கள்

கேள்வி: வழக்கறிஞர் ஐயா, ஹூஸ்டனில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எச்-1பி விசா, கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறேன். நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சனிக்கிழமை மாலைகளில் நகர மையத்தின் நடைபாதை ஒன்றில், வீடில்லாதவர்களுக்குப் புளியோதரையும் காய்கறி பிரியாணியும் கொடுத்துவந்தோம். அறுபது எழுபது பேர் சாப்பிடுவார்கள். சென்ற மாதம் போலீசார் வந்து நிறுத்தச் சொன்னார்கள். ஒருவர் கையில் இருந்த தட்டு குப்பைத்தொட்டிக்குப் போனது. “யார் பொறுப்பு?” என்று அதட்டியபோது, மற்றவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நானே முன்னால் போனேன். என் பெயரில் 254 டாலருக்கு அபராத டிக்கெட். நான் வடலூர்ப் பக்கத்துக்காரன். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிற ஊர் அது. பசித்தவருக்குச் சோறு போடுவது எந்த ஊரில் குற்றம்? இதே ஹூஸ்டனில் இதே குற்றச்சாட்டில் ஒருவரை ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழு) விடுவித்ததாகப் படித்தேன். நானும் போராடவா? ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் வரிசையில் நிற்கவில்லை என்று வாதாடலாமா? 1996ஆம் ஆண்டின் உணவு நன்கொடைச் சட்டம் காப்பாற்றாதா? மாநகராட்சி ஒதுக்கிய ரீஸ்னர் தெரு இடத்துக்கு, பக்கத்திலேயே போலீஸ் கட்டடம் இருப்பதால், மக்கள் வரத் தயங்குகிறார்கள். எங்கள் துண்டறிக்கையையும் இணைத்திருக்கிறேன். என் மனைவியோ பணத்தைக் கட்டி முடித்துவிடச் சொல்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தில் அணையா அடுப்பு இருக்கிறது, போலீஸ்காரரின் அதட்டல் இருக்கிறது, குப்பைக்குப் போன தட்டு இருக்கிறது. நீதிமன்றம் கேட்கப்போகிற ஒரே விஷயம்தான் அதில் இல்லை. அந்த நடைபாதையில் உணவு வழங்க, அதற்குச் சொந்தக்காரரான மாநகராட்சியிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஹூஸ்டன் மாநகராட்சி 2012இல் கொண்டுவந்த சட்டம் இதை மட்டும்தான் பார்க்கிறது. தேவையில் இருப்பவர்கள் ஐந்து பேருக்கு மேல் இலவசமாக உணவு கொடுப்பதென்றால், இடம் பொதுவோ தனியாரோ, அதன் உரிமையாளர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ‘ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் வரிசையில் நிற்கவில்லை’ என்று வாதாடலாமா என்று கேட்கிறீர்கள். முடியாது, கணக்கு அன்றைய நிகழ்வு முழுவதற்கும். 1996ஆம் ஆண்டின் உணவு நன்கொடைச் சட்டம் காப்பாற்றாதா என்கிறீர்கள். நல்லெண்ணத்தில் கொடுத்த உணவால் யாருக்காவது உடல்நலம் கெட்டால் நஷ்டஈட்டு வழக்கிலிருந்து காக்கும் சட்டம் அது. எந்த இடத்தில் நின்று கொடுப்பது என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. போலீஸ்காரர் நடந்துகொண்ட விதத்தைத் தனிப் புகாராகக் கொடுங்கள். இந்த வழக்குக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

அந்தத் தட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கும் மனம் கொதித்தது. இந்தச் சட்டம் தவறானது என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் விசாவை என் கருத்து காப்பாற்றாது. அதனால் பணத்தைக் கட்டுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கட்டாதீர்கள். டெக்சாஸில் இந்த வகை டிக்கெட்டுக்கு இணையத்தில் பணம் செலுத்துவது மின்கட்டணம் செலுத்துவது போன்றதல்ல. குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று நீங்கள் நீதிமன்றத்தில் சொன்னதாகவும், தண்டனையை ஏற்றுக்கொண்டதாகவும் அது பதிவாகும். உள்ளூர்க்காரருக்கு அது 254 டாலர் நஷ்டம். உங்களுக்கு அப்படி அல்ல. 1996இல் திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டத்தின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், எதிர்க்கவில்லை என்று சொன்னாலும், அதோடு ஓர் அபராதமோ கட்டுப்பாடோ சேர்ந்துவிட்டால் நீங்கள் தண்டிக்கப்பட்டவர்.

சோறு போட்டதற்காக உங்களை நாடு கடத்திவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். குடியேற்றச் சட்டம் பெரிதாக எடுத்துக்கொள்ளும் ஒழுக்கக்கேடான குற்றங்களின் வகையில் இது சேராது. சிக்கல் படிவங்களில் வருகிறது. ஊருக்குப் போய் விசா முத்திரை வாங்கும்போது நிரப்புகிற டிஎஸ்-160 படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டிக்கப்பட்டீர்களா என்று கேட்கும். பணம் கட்டுவதற்கு முன் அதற்கு உங்கள் பதில் வேறு, கட்டிய பின் வேறு. கிரீன் கார்டுக்கான ஐ-485 இன்னும் ஒரு படி மேலே போய், டிக்கெட் வாங்கியிருந்தாலே சொல்லச் சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு என்-400 நிரப்பும்போதும் அதே கேள்வி வரும்.

என் கட்சிக்காரர் ஒருவர், உங்களைப் போலவே மென்பொருள்காரர், இதைவிடச் சிறிய ஒரு டிக்கெட்டுக்கு மதிய உணவு இடைவேளையில் கைப்பேசியிலேயே பணம் கட்டிவிட்டு மறந்துபோனார். நான்கு ஆண்டுகள் கழித்து விசா படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்தார். பொய் சொல்ல நினைத்தவர் அல்லர், அது நினைவிலேயே இல்லை. நேர்காணலில் அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டே அந்த டிக்கெட்டைப் பற்றிக் கேட்டார். அதன் பிறகு பேச்சு டிக்கெட்டைப் பற்றி அல்ல, அவர் உண்மை பேசுகிறவரா என்பதைப் பற்றி ஆகிவிட்டது. ஊரிலேயே மாதக்கணக்கில் காத்திருந்தார். அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே தொடங்கிவிட்டிருந்தது.

பணம் கட்டாமல் நீதிமன்றத்துக்குப் போகிறவர்களும் தப்புவதில்லை. அவர்கள் விழுகிற குழி வேறு. முதல் வாய்தாவில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் மிக இனிமையாக ஒரு யோசனை சொல்வார்: ‘எதிர்க்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். தீர்ப்பைச் சில மாதங்கள் தள்ளிவைக்கிறோம். அதற்குள் மறுபடியும் டிக்கெட் வாங்காமல் இருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்.’ காதுக்குத் தேன் போல இருக்கும். டெக்சாஸின் பதிவேட்டில் வழக்கு தள்ளுபடி என்றே வரும். ஆனால் ‘எதிர்க்கவில்லை’ என்று சொன்ன வாய்மொழி இருக்கிறது, அந்த மாதங்களுக்கான கட்டுப்பாடும் இருக்கிறது. குடியேற்றத் துறைக்கு அந்த இரண்டும் போதும். டெக்சாஸின் இதே போன்ற தள்ளிவைப்பு ஏற்பாடு ஒன்றை, தண்டனைத் தீர்ப்புக்குச் சமம் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1998லேயே சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் ‘வழக்குதான் தள்ளுபடியாகிவிட்டதே’ என்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார். பெரும்பாலும் அப்போது செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் ‘நடந்த சம்பவம் உண்மை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வது இதன் இன்னொரு வடிவம். அதற்கும் இணங்காதீர்கள்.

நான் மிகவும் அஞ்சுவது இன்னொன்றுக்கு: கோபத்தில் அடுத்த சனிக்கிழமையும் அதே நடைபாதைக்குப் போவது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது இரண்டாவது டிக்கெட் வாங்கினால், வழக்கைக் கைவிடும்படி அரசுத் தரப்பிடம் கேட்கும் வாய் உங்களுக்குப் போய்விடும். போலீஸ்காரர் நண்பரை நெருங்கும்போது நடுவில் போய் நின்றால், அது அபராதத்தோடு முடியாத, 180 நாள் வரை சிறை கொடுக்கக்கூடிய தனிக் குற்றச்சாட்டாக மாறலாம். உங்கள் பன்னிரண்டு பேரில் மாணவர் விசாவில் இருப்பவர் யாராவது உண்டா? இருந்தால் வழக்கு முடியும்வரை அவர் சமையலறையில் இருக்கட்டும். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் பதிவுகள்) ஒரே வீச்சில் ரத்தாயின. சிறு போலீஸ் பதிவு மட்டும் இருந்தவர்களும், வழக்கே தள்ளுபடியானவர்களும் அதில் மாட்டினார்கள். நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகுதான் பதிவுகள் திரும்பின.

‘நான்தான் பொறுப்பு’ என்று முன்வந்தீர்களே, அது பெரிய மனம். ஆனால் நிகழ்ச்சியை நடத்தியவர் யார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய சிரமத்தை நீங்களே தீர்த்துவைத்துவிட்டீர்கள். இனி யாரிடமும் விளக்கம் கொடுக்காதீர்கள். போலீசாரிடம் மட்டுமல்ல, முகநூலிலும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் உள்ள செய்திகளை அழிக்கவும் வேண்டாம். டெக்சாஸில் ஆதாரத்தை அழிப்பது, நீங்கள் சந்திக்கிற குற்றச்சாட்டைவிடப் பல மடங்கு பெரிய குற்றம்.

இனி, போராட்டம். நீங்கள் படித்த செய்தி உண்மைதான். நகரின் மைய நூலகத்துக்கு வெளியே பல ஆண்டுகளாக உணவு கொடுத்துவந்த ‘ஃபுட் நாட் பாம்ஸ்’ குழுவினருக்கு 2023 மார்ச் முதல் வரிசையாக டிக்கெட் கொடுத்தார்கள். அந்த ஜூலையில் ஒருவரை ஜூரி விடுவித்தது. 2024 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் குழுவுக்கு எதிராக இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் ஒரு ஜூரியின் விடுதலை அடுத்த ஜூரியைக் கட்டுப்படுத்தாது. இடைக்காலத் தடையும் வழக்குத் தொடுத்தவர்களுக்குத்தான். போருக்குச் செலவிடும் பணத்தைச் சோற்றுக்குச் செலவிடு என்பது அந்தக் குழு உலகறியச் சொல்லிவந்த அரசியல். புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் இதே குழுவின் கிளை 2018இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றதும் அப்படித்தான்: பதாகை, பூங்காவில் எல்லோருக்கும் பொதுவான பந்தி, அதைப் பார்க்கிறவருக்குப் புரியும் செய்தி, இவை சேர்ந்து அது பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வந்தது. அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் ஆர்லாண்டோவின் கட்டுப்பாட்டைச் செல்லும் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் டெக்சாஸ் வரவும் இல்லை. உங்கள் மேசையில் பதாகை எதுவும் கிடையாது. புளியோதரைதான் இருந்தது.

நீங்கள் வருத்தத்தோடு எழுதிய வடலூர் வரி, நீங்கள் அறியாமலே உங்கள் கடிதத்தின் வலுவான சட்டப் புள்ளி. டாலஸ் நகரம் 2005இல் கொண்டுவந்த இதேபோன்ற கட்டுப்பாட்டை எதிர்த்து, வீடில்லாதவர்களுக்கு உணவு கொடுத்துவந்த கிறிஸ்தவ ஊழியக் குழுக்கள் வழக்குப் போட்டு 2013இல் வென்றன. டெக்சாஸின் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதை நீங்கள் தற்காப்பு வாதமாகவே எழுப்பலாம். ஜீவகாருண்யம் உங்களுக்குச் சமயக் கடமை என்றால் அது பொய்யான வாதமும் அல்ல. ஆனால் நீங்கள் அனுப்பிய துண்டறிக்கையின் தலைப்பைப் பாருங்கள்: ‘மதம் சாராத மக்கள் சேவை’. குறுக்கு விசாரணையில் முதலில் அதைத்தான் உங்கள் கையில் கொடுப்பார்கள். சாட்சிக் கூண்டில் பிரமாணம் எடுத்துச் சொல்லும் சொல் குடியுரிமை நேர்காணல் வரை உங்களைப் பின்தொடரும். நம்பிக்கை உண்மையானால் சொல்லுங்கள். வழக்குக்காக அதைப் பெரிதாக்காதீர்கள்.

என் ஆலோசனை சமரசம். குற்றத்தை மறுப்பதாகப் பதிவுசெய்யுங்கள். எந்த வாய்தாவையும் தவறவிடாதீர்கள்; ஆஜராகாமல் விட்டால் பிடியாணை வரும், அப்போது டிக்கெட் கைது ஆகிவிடும். பிறகு உங்கள் வழக்கறிஞர் அரசுத் தரப்பிடம் பேசட்டும். ‘எங்கள் கட்சிக்காரர் இனி ஒப்புதல் உள்ள இடத்தில்தான் உணவு கொடுப்பார், இதோ ஒப்புதல் கடிதம். இந்தச் சட்டம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அடிவாங்கியிருக்கிறது, மதச் சுதந்திர வாதமும் எங்களிடம் உண்டு. எந்த வாக்குமூலமும் இல்லாமல் வழக்கைக் கைவிடுங்கள்.’ மேலே சொன்ன தீர்ப்புகள் உங்களுக்கு உதவுவது இந்தப் பேச்சில்தான். இதற்கு அவர்கள் இணங்காமல் தள்ளிவைப்பு ஏற்பாட்டையே நீட்டினால், அப்போது ஜூரி விசாரணைக்குப் போங்கள். அந்த நிலையில் அதுவே பாதுகாப்பான வழி.

மாநகராட்சி ஒதுக்கியிருக்கும் ரீஸ்னர் தெரு 61ஆம் எண் இடத்துக்கு மக்கள் வரத் தயங்குகிறார்கள், பக்கத்திலேயே போலீஸ் கட்டடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயக்கம் நியாயமானது; அங்கே போகவும் வேண்டாம். அந்த நடைபாதையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு தேவாலயத்தின் வாகன நிறுத்துமிடத்தைக் கேளுங்கள். மாநகராட்சியின் தன்னார்வப் பதிவுத் திட்டத்திலும் குழுவைச் சேருங்கள். அது கட்டாயம் இல்லை, ஆனால் அரசுத் தரப்பிடம் காட்ட உதவும். ஒப்புதல் கடிதத்தில் இடத்தின் முகவரி, கிழமை, நேரம், கையெழுத்துப் போடுகிறவரின் பொறுப்பு எல்லாம் இருக்க வேண்டும். வாய்மொழிச் சம்மதம் செல்லாது. பாதிரியார் நல்லவர் என்பதும் போதாது. ஒரு நகல் என் போன்ற ஒரு வழக்கறிஞரிடமும், இன்னொன்று பிரியாணி அண்டாவோடு காரிலும் இருக்கட்டும்.

வழக்கு கைவிடப்பட்ட நாளிலேயே நீதிமன்ற அலுவலகத்தில் சான்றிட்ட நகல்கள் ஐந்தாறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்-400 நிரப்புகிற ஆண்டில் அந்த அலுவலகத்தில் பழைய கோப்பு கிடைக்காமல் போகலாம்.