பழைய ஃபங்க் கம்பைலேஷன்: லேபிள் மூடியிருக்கலாம், உரிமை மூடலை

கேள்வி: 1968-75ல வந்த அமெரிக்க ஃபங்க் இசை 45கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்ன தட்டு) நிறைய சேர்த்து வச்சிருக்கேன். அதுல 14 பாட்டை எடுத்து ஒரே எல்பியா (பெரிய தட்டு) 500 காப்பி போட ஒரு சின்ன லேபிள் ஆரம்பிக்கலாம்னு ஆசை. ரிலீஸ் பண்ண கம்பெனி எல்லாம் எப்பவோ மூடியாச்சு, அம்பது வருஷமும் ஆச்சு, யார்கிட்ட பெர்மிஷன் கேக்கணும்? மாஸ்டர் டேப் இல்லாம ரெக்கார்ட்ல இருந்தே எடுக்கலாமா?

பதில்: முதல்ல அந்த அம்பது வருஷக் கணக்கை விட்டுடுங்க. அமெரிக்காவுல 2018ல வந்த சட்டப்படி 1957ல இருந்து 1972 பிப்ரவரி நடு வரைக்கும் பண்ண ரெக்கார்டிங்குக்கு 2067 வரை பாதுகாப்பு இருக்கு, அதுக்கப்புறம் வந்ததுக்கு வேற கணக்கு, அதையும் ஃப்ரீன்னு நினைச்சுடாதீங்க. ஐரோப்பாவுலயும் 50 வருஷம்னு இருந்ததை 2013ல 70 ஆக்கிட்டாங்க. கம்பெனி செத்தாலும் உரிமை சாகாது, யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல தூங்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்.

அதுவும் ஒரு பாட்டுக்கு ரெண்டு உரிமை. பதிவான சத்தம் மாஸ்டர், எழுதின பாட்டு பப்ளிஷிங். பப்ளிஷிங் ஓரளவு ஈஸி, ஏன்னா அமெரிக்காவுல தட்டு விக்கறதுக்கு சட்டமே ரேட் வச்சிருக்கு. 2022 வரை ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட், 2023ல 12 ஆச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. 12ன்னே வச்சுக்கிட்டாலும் 14 பாட்டு, 500 காப்பி, 840 டாலர். தலைவலி மாஸ்டர்தான், அதுக்கு ரேட்டும் கிடையாது, கட்டாயமும் கிடையாது, ஓனர் முடியாதுன்னா முடியாது.

ஓனரைத் தேட உங்க கையில இருக்கற 45தான் முதல் சாட்சி. எழுதினவர் பேரு, பப்ளிஷர், ப்ரொட்யூசர் எல்லாம் லேபிள்லயே இருக்கும், பிஎம்ஐ, ஆஸ்கேப்னு பாட்டு எழுதினவங்களுக்கு ராயல்டி வசூலிக்கற அமைப்புகளோட டேட்டாபேஸ்ல போட்டுத் தேடுங்க, தட்டோட உள் ஓரத்துல கீறியிருக்கற மேட்ரிக்ஸ் நம்பரையும் விடாதீங்க, எந்த பிளான்ட்ல அடிச்சதுன்னு சில சமயம் அது காட்டிக்குடுக்கும். ஆள் கிடைச்சதும் கேக்க வேண்டிய கேள்வி "ஸ்டுடியோ பில் யார் கட்டினாங்க?" பாடினவர்தான் ஓனர்னு நினைச்சு நான் ஒரு தடவை கையெழுத்து வாங்கி சந்தோஷமா இருந்தேன், பிரஸ்ஸிங் போற நேரத்துல பில் கட்டினவரோட பொண்ணு பழைய ரசீதோட வந்து நின்னாங்க, பாட்டைத் தூக்க வேண்டியதாப் போச்சு. ஓனர் இல்லாட்டியும் பாடினவருக்கு ஏதாவது குடுங்க, சட்டம் சொல்லலை, நான் சொல்றேன்.

உண்மையைச் சொன்னா 14 லேபிள்ல இருந்து 14 பாட்டுன்னா 14 தேடுவேட்டை, முதல் ரிலீஸுக்கு அது வேண்டாம். சிகாகோவுல பழைய பாட்டை மறுவெளியீடு பண்ற நியூமெரோ குரூப் லேபிள் 2004ல போட்ட முதல் தொகுப்பே ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ்ல பில் மாஸ் நடத்தின கேப்சோல்ங்கற ஒரே சின்ன சோல் லேபிளோட கதைதான். ஒரே ஓனர், ஒரே அக்ரிமென்ட், லைனர் நோட்ஸ் (தட்டோட வர்ற குறிப்பு) எழுதவும் ஒரு முழுக்கதை கிடைக்கும். அக்ரிமென்ட்ல எத்தனை வருஷம், எந்தெந்த நாடு, டிஜிட்டல் உண்டா, யாராவது சாம்பிள் (பாட்டுத் துண்டை அவங்க பாட்டுல போட்டுக்க) கேட்டா காசு எப்படிப் பிரியும்னு எழுதிடுங்க. ஃபங்க்ல அந்த சாம்பிள் கேள்வி கண்டிப்பா வரும்.

தட்டுல இருந்து எடுக்கலாம், நிறைய தொகுப்பு அப்படித்தான் வருது. ஆனா நிறைய 45 வினைல் இல்லாம ஸ்டைரீன்ங்கற பிளாஸ்டிக்ல அடிச்சது, சீக்கிரம் தேஞ்சுடும், அதனால ஒரே பாட்டுக்கு ரெண்டு மூணு காப்பி தேடி எது நல்லா இருக்கோ அதை எடுங்க. நல்லாக் கழுவி, மோனோ பாட்டுன்னா மோனோ கார்ட்ரிட்ஜ்ல (ஊசி மாட்டற பாகம்) ஓட்டி, கிளிக் சத்தத்தை ஒண்ணொண்ணா கையால எடுங்க, சாஃப்ட்வேர்ல மொத்தமா நாய்ஸ் குறைச்சா டிரம்ஸ்ல வர்ற ஹை-ஹாட் தாளத் தட்டு சத்தமே செத்துப்போகும். பக்கத்துக்கு 20 நிமிஷத்தைத் தாண்டாதீங்க, தாண்டினா சத்தத்தோட லெவல் இறங்கும், பாஸும் மெலிஞ்சு போகும். உள் ஓரத்துக்குப் போகப் போக ஹையெண்ட் (கூர்மையான சத்தம்) மங்கும், அதனால பக்கக் கடைசில கொஞ்சம் அமைதியான பாட்டை வைங்க. டெஸ்ட் பிரஸ்ஸிங் (மொத்தமா அடிக்கறதுக்கு முன்னாடி வர்ற மாதிரித் தட்டு) வந்ததும் ரெண்டு பக்கமும் முழுசாக் கேளுங்க, ஹெட்போன்ல ஒரு தடவை, ஸ்பீக்கர்ல ஒரு தடவை, அப்புறம் ஓகே சொல்லுங்க.