ஐந்தறை வீட்டை விற்க வேண்டாம், சகோதரி

போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் என் முன்னால் உட்கார்ந்து பேசிய ஒரு மணி நேரத்தில் "பெரியப்பா சொல்கிறார்" என்ற வார்த்தை பலமுறை வந்தது. மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். அவளை வெளிநாட்டுக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைக்க வேண்டும், ஈசூனில் உள்ள ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறைக்கு மாறினால் செலவைச் சமாளிக்கலாம், முகவர் ஒருவர் முன்பணம் கேட்கிறார். இதுதான் நீங்கள் கொண்டுவந்த திட்டம். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அன்று உங்களை அனுப்பிவைத்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அப்படி அனுப்பியது தவறு என்று பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பணம். வெளிநாட்டில் வாங்கும் எந்த மருத்துவப் பட்டமும் இங்கே செல்லுபடியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை ஏற்பது என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2020-இல் அதிலிருந்த பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையை 160-இலிருந்து 103-ஆகக் குறைத்தார்கள். பிறகும் பட்டியல் மாறியிருக்கிறது, இனியும் மாறலாம். முகவர் சொல்லும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று கேட்டேன், உங்களுக்குத் தெரியவில்லை. சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியின் கல்வித் திட்டமும் உள்ளூர்ப் படிப்புக்குத்தான் உதவும், வெளிநாட்டுக்கு உதவாது. இந்த நிலையில் தலைக்கு மேலிருக்கும் கூரையை விற்பதற்கு என்னால் ஒப்புதல் சொல்ல முடியாது. முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

அடுத்தது உங்கள் மகள். நீங்கள் இருவரும் பேசி முடித்த பிறகு, அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். போன தீபாவளிக்கு முந்தின இரவு முறுக்கு சுடும்போது வீடு முழுவதும் இருட்டானதே, அந்தக் கதை அதில் இருக்கிறது. கைப்பேசி வெளிச்சத்தில் மின்பெட்டிக் கதவைத் திறந்து, சின்னச் சுவிட்சுகள் அத்தனையையும் கீழே தள்ளி, பெரிய சுவிட்சை மேலேற்றி, பிறகு ஒவ்வொன்றாக மேலேற்றியிருக்கிறாள். நான்காவதை ஏற்றியதும் பெரியது மறுபடி விழுந்தது. அது சமையலறை இணைப்பு. அங்கே ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்து, தண்ணீர் இறங்கிய பழைய கிரைண்டர்தான் காரணம் என்று கண்டுபிடித்தாள். பெட்டியின் உள்மூடியை அவள் கழற்றவில்லை. "அது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை" என்று அவளே சொன்னாள். அந்தப் பக்கத்தில் படம் வரைந்து, எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதியிருக்கிறாள், ஓரத்தில் தேநீர்க் கறை. சகோதரி, பதினாறு வயதில் இப்படி நிதானமாகக் குறை தேடும் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் உயிரியல் பாடமே எடுக்கவில்லை, இயற்பியலை விரும்பி எடுத்திருக்கிறாள்.

தொடக்கக் கல்லூரியைப் பற்றியும் கணினித் துறையைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத மின்சக்திப் பொறியியலைப் பற்றி நான் சொல்கிறேன்.

இந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதை மாற்றும் வேலை இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது. 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 1,22,000 சூரியத் தகடுகளை மிதக்கவிட்டார்கள். அடுத்த ஆண்டே லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கே வந்து சேர்ந்தது. 2030-க்குள் 60,000 மின்வாகன மின்னூட்ட முனைகள் என்பது அரசின் இலக்கு. நம் காலுக்குக் கீழே ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில், அதாவது இருபது மாடி உயரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த ஆழத்தில், 35 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கேபிள் சுரங்கங்கள் ஓடுகின்றன. இவற்றை வடிவமைக்கவும் சோதிக்கவும் பழுது வந்தால் கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும்.

இந்தத் துறையில் எரிசக்திச் சந்தை ஆணையம் வழங்கும் உரிமம் மூன்று படிகளாக இருக்கிறது. முதல் படியில் இருப்பவர் 45 கிலோவோல்ட்-ஆம்பியர் (மின்சுமையின் அளவு) வரையிலான மின்னமைப்புகளைப் பார்க்கலாம். சாதாரண வீடும் சின்னக் கடையும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டாம் படியில் இருப்பவர் 150 வரை வடிவமைக்கலாம், 500 வரை பராமரிக்கலாம். மூன்றாவது பொறியாளர் உரிமம். அதில் சுமைக்கு வரம்பு இல்லை, எத்தனை வோல்ட் வரை கையாளலாம் என்பதை உரிமத்திலேயே குறிப்பிடுவார்கள். படிப்போடு கைப்பழக்கமும் சேர்ந்தால்தான் படி ஏற முடியும். கையெழுத்துப் போடுபவரே பொறுப்பு. சுரங்கத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெரியப்பா கேட்டாராம். சோதனைக் கருவியைப் பிடித்து அளவெடுத்து, சரி என்றால் கையெழுத்திடுவது, தவறு என்றால் மறுப்பது. அதுதான் வேலை.

வழி இதுதான். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கை, உயர்நிலை நான்கின் முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வுக்கு முன்பே, ஜூன் பிற்பகுதியில் திறக்கும். மதிப்பெண்ணைக் காட்டிலும் நாட்டத்தைப் பார்க்கும் சேர்க்கை அது. மூன்று பாடப்பிரிவுகள் வரை தேர்ந்தெடுக்கலாம், நேர்முகத்துக்கு அழைப்பார்கள். இடம் கிடைத்தாலும் தேர்வில் மொத்தப் புள்ளிகள் 26-ஐத் தாண்டக் கூடாது (இங்கே புள்ளி குறைந்தால்தான் நல்லது), ஆங்கிலம், கணிதம், அறிவியலில் குறைந்தபட்சத் தகுதியும் வேண்டும். இடத்தை ஏற்றுக்கொண்டால் ஜனவரியில், தேர்வு முடிவை வைத்து நடக்கும் கூட்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே அரை மனதோடு விண்ணப்பிக்க வேண்டாம். எந்தப் பொறியியல் என்று அவளுக்கே தயக்கம் இருந்தால், முதல் பருவத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொதுப் பொறியியல் திட்டம் இருக்கிறது. குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் 3,000 வெள்ளியை ஒட்டி வரும். மூன்று ஆண்டுப் பட்டயத்துக்குப் பிறகு பொங்கோலில் உள்ள சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில் பட்டம் படிக்கலாம். மத்திய சேமநிதி அப்போது உதவும்.

விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டிய பகுதியை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். பெரியப்பாவின் தொலைபேசி எண்ணை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நானே பேசுகிறேன். நேர்முகத்துக்குப் போகும்போது அந்த நோட்டு பையில் இருக்கட்டும். கறைப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லிவிடாதீர்கள்.