மார்கோ மாத்தெராட்சி பயிற்சியாளராக எதைச் சாதித்தார்?

2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்ஸ் வீரர் சிதானிடம் தலையால் முட்டுப்பட்டவர் என்றே பலர் மாத்தெராட்சியை நினைவில் வைத்திருக்கிறார்கள்; ஆனால் இத்தாலிக்குச் சமநிலை தந்த கோலை அடித்தவரும், அதற்குமுன் பிரான்சுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமான தவறைச் செய்தவரும் அவரே என்பதை மறந்துவிடுகிறோம். இன்டர் மிலான் அணியில் 2001 முதல் 2011 வரை தற்காப்பு ஆட்டக்காரராக விளையாடி, 2010-இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

பயிற்சியாளர் வாழ்க்கை அவருக்குச் சென்னையில்தான் தொடங்கியது. 2014-இல் சென்னையின் எஃப்சி அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தவர், அந்த ஆண்டு அணியை அரையிறுதி வரை கொண்டுசென்றார். மறு ஆண்டு புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணி, மீண்டெழுந்து இறுதிப் போட்டிக்கு வந்தது. அங்கே கோவாவிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்தும், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் கிடைக்க 3-2 என வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையைக் கைப்பற்றியது. அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு, சமன் செய்த கோல் எதிரணி கோல்காப்பாளரின் சொந்த கோல். 2016 பருவம் சோபிக்காததால், 2017-இல் அவர் விலகினார்.