பதில்: ஃபைட்டர் ஆண் முட்டையைத் தின்றுவிடுகிறது

நண்பரே, உங்கள் ஆண் ஃபைட்டர் மீன் (பெட்டா) நுரைக்கூடு (முட்டையை வைக்க நீர்மேல் கட்டும் குமிழிக்கூடு) கட்டியதும் அன்றே பெண்ணை விட்டதாகவும், மறுநாள் பெண்ணின் வால் கிழிந்து, கூட்டில் ஒரு முட்டைகூட இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடு கட்டுவது ஆண் தயார் என்பதற்கு மட்டுமே அடையாளம். பெண்ணைப் பாருங்கள்: வயிறு உப்பி, அடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டைக்குழாய் தெரிய வேண்டும். அடர் நிற மீனில் உடம்பில் செங்குத்துக் கோடுகள் விழும். கோடுகள் தலையிலிருந்து வால்வரை படுக்கையாக ஓடினால் அது பயம், அப்போது விடாதீர்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் பெண்ணைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து அதே தொட்டியில் காட்டுங்கள். தண்ணீர் 10–15 செ.மீ. உயரம், 27–28 டிகிரி போதும். ஒளிய செடி கொஞ்சம், காய்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்று. ஃபில்டர் ஓடினால் கூடு சிதறும், நிறுத்திவிடுங்கள். மூடி அவசியம்.

பெண் தலையைத் தாழ்த்திக் கூட்டடிக்கு வந்தால் இணங்கிவிட்டது. ஆண் வளைந்து அணைக்கும், முட்டைகள் உதிரும், வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முடிந்ததும் ஆண் விரட்டத் தொடங்கும். உடனே பெண்ணை எடுத்துவிடுங்கள், அதுவும் முட்டை தின்னும்.

ஆண் தின்பதற்குக் காரணம் பெரும்பாலும் தொந்தரவு, கருவுறாத முட்டை, அல்லது முதல் ஈட்டின் அனுபவமின்மை. டார்ச் அடித்து எட்டிப் பார்க்காதீர்கள் (கை சும்மா இருக்காது, தெரியும்!). இரவில் மங்கலான விளக்கு இருக்கட்டும், கூட்டிலிருந்து விழும் குஞ்சை ஆண் தேடி எடுக்கும். பொரிய 24–48 மணி நேரம். குஞ்சுகள் படுக்கைவாக்கில் நீந்தியதும் ஆணை மாற்றி, இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளர்க்கும் நுண்ணுயிர்கள்) கொடுங்கள். அதை இன்றே தயாரிக்கத் தொடங்குங்கள்.