புயலுக்கு மறுநாள் கோல்ஃப் மைதானத்தில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

விடுமுறைக் கூட்டம் வரிசையில் நிற்கிறது, புயல் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, மைதானத்தை எவ்வளவு சீக்கிரம் திறக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாகப் புல்தரைப் பராமரிப்பில் இருக்கிறேன். நடந்து ஆடுபவர்களுக்கு நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே திறந்துவிடலாம். ஆடுபவர்கள் ஏறிப் போகும் சின்ன வண்டிகளான கார்ட்டுகளை மட்டும் அவசரப்பட்டு உள்ளே விடாதீர்கள்.

முதலில் மரங்கள். விழுந்து கிடக்கும் மரம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒடிந்தும் கீழே விழாமல் மேலேயே சிக்கித் தொங்கும் கிளைதான் ஆளைக் கொல்லும். தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்டத்தையே வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

அடுத்தது கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. இங்கேதான் நான் ஒரு முறை பெரிய தவறு செய்தேன். பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) பார்க்கவே அலங்கோலமாக இருந்ததால் ஆட்களை முதலில் அங்கே அனுப்பிவிட்டேன். தாழ்வான ஒரு கிரீனில் வெள்ளம் விட்டுப்போன வண்டல் மதிய வெயிலில் காய்ந்துவிட்டது. விரலால் தட்டினால் கூரை ஓட்டைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. சுரண்டியபோது புல்லும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. ஈரமாக இருந்தபோதே ரப்பர் தள்ளுகட்டையால் தள்ளி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும் வேலை. அந்த கிரீன் பழையபடி வர மாதக்கணக்கில் ஆனது.

காரணம் இதுதான். கிரீன் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு வெட்டி வைத்திருக்கிறோம். நன்றாகக் கட்டிய கிரீனில் அதற்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டர் மணல், அதற்கும் கீழே சரளை. தண்ணீர் சரசரவென இறங்கத்தான் இந்த அமைப்பு. மேலே மெல்லிய வண்டல் படிந்தாலும் அது மூடி போட்ட மாதிரி ஆகி, வேருக்குக் காற்றே போகாது. தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடேறினால் புல் இன்னும் வேகமாகச் சாகும். கழுவிய பிறகும் மிச்சமிருக்கும் வண்டலுக்கு, புல் தேறியதும் துளையிட்டு மண்ணை எடுத்து, மணல் நிரப்ப வேண்டும்.

கார்ட் விஷயத்தில் நிர்வாகம் கண்டிப்பாக நெருக்கும். கிரீனுக்குப் போகும் வழியிலுள்ள புல்வெளியான ஃபேர்வேயில் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் கார்ட் வேண்டாம். ஊறிய மண்ணில் சக்கரம் ஏறினால் மண்ணின் துளைகள் அப்படியே நசுங்கிப் போகும். தடத்தை மூடிவிடலாம், இறுகிய மண்ணை இளக்குவது பெரிய வேலை. புல்வெட்டும் எந்திரமும் அப்படித்தான். முதல் வெட்டுக்குக் கைத்தள்ளு எந்திரம், பிளேடைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காலையில் புல்மேல் பஞ்சு போலப் பூஞ்சை தெரியலாம். தெரிந்தால் அங்கே எந்திரத்தை ஓட்டாதீர்கள், பரவிவிடும்.

பங்கர் கடைசியில்தான். தண்ணீரை இறைத்து, சரிவிலிருந்து வழிந்த மணலை மேலே ஏற்றுவதற்கு ஆள் நிறைய பிடிக்கும். அதுவரை ஆடுபவர்கள் தவிக்காமல் இருக்க வழி இருக்கிறது. தேங்கிய நீருக்கு கோல்ஃப் விதி 16.1-இன்படி இலவச நிவாரணம் உண்டு, அதாவது தண்டனை இல்லாமல் பந்தை எடுத்து வேறிடத்தில் வைத்து ஆடலாம். ஆனால் பங்கருக்குள் கிடக்கும் பந்தை வெளியே எடுத்து வைத்தால் ஒரு தண்டனை அடி. ஆகவே எந்தெந்தப் பங்கர் வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது என்று குறிப்பிட்டு, அவற்றைப் பழுதுபார்க்கும் நிலமாக (ground under repair) உங்கள் மைதானத்தின் உள்ளூர் விதியில் அறிவித்துவிடுங்கள். அந்த தண்டனை இல்லாமல் வெளியே வைத்து ஆடலாம்.

முன்பதிவு செய்தவர்களுக்கு முந்தின நாள் மாலையே நிலவரத்தைச் சொல்லுங்கள். 18 குழியும் தயாராகவில்லையா, நல்ல நிலையில் இருக்கும் 9 குழியை மட்டும் திறந்து கட்டணத்தைக் குறையுங்கள். நேரில் வந்து ஏமாந்தவர்கள்தான் கோபப்படுவார்கள்.

அப்புறம் உங்கள் ஆட்கள். விடுமுறையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். ரம்பம் பிடிக்கும் ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது உட்கார வையுங்கள்.